மைக்ரோ எல்இடி சுவரில் மாட்யூல் மாற்றியபின் ஒரு கட்டம் மட்டும் நீலமாகத் தெரிகிறது, ஓரத்தில் கோடும் விழுகிறது – உதவி தேவை

கேள்வி

வணக்கம். நான் பராமரிக்கும் அரங்கில் 0.9 மி.மீ. பிட்ச் (பிக்சலுக்குப் பிக்சல் உள்ள தூரம்) கொண்ட 4கே மைக்ரோ எல்இடி சுவர் இருக்கிறது. அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். சில பிக்சல்கள் செத்துப்போனதால் போன வாரம் ஒரு மாட்யூலை (சுவரில் கட்டம் கட்டமாகப் பொருத்தும் எல்இடி பலகை) மாற்றினோம். அன்றிலிருந்து அந்தக் கட்டம் தனியாகத் தெரிகிறது. வெள்ளைப் படத்தில் வெளிச்சம் கூடுதல், லேசாக நீலம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு வேறு. பிரைட்னஸ், கலர் டெம்பரேச்சர் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். சுவர் முழுவதும் மாறுகிறதே தவிர, வித்தியாசம் போகவில்லை. மாட்யூலைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில் 1

அவசரப்படாதீர்கள். திரையை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போதும் அந்தக் கட்டத்தின் கறுப்பு வேறாகத் தெரிந்தால் அது மேற்பூச்சின் வித்தியாசம், எந்த செட்டிங்காலும் தீராது. கோடு, நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறதா?

கேட்டவர்

அணைத்தால் எல்லாம் ஒரே கறுப்புதான். கோடு மாறுகிறது சார்: ஒரு பக்கம் நின்றால் வெளிச்சம், மறுபக்கம் நின்றால் இருட்டு.

பதில் 2

அப்படியானால் இரண்டும் தனித்தனிப் பிரச்சினை.

முதலில் நிறம். 4கே சுவரில் சிவப்பு, பச்சை, நீலம் சேர்த்து 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் எல்இடிகள். எதுவும் இன்னொன்றைப் போல இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு பிக்சலையும் கேமராவில் அளந்து, பிரகாசமானதை அடக்கி வைக்கத் திருத்த எண்களைச் சேமிக்கிறார்கள். புது மாட்யூலின் எண்கள் அதன் மெமரியில் இருக்கும். மாட்யூல்களுக்குப் படத்தை அனுப்பும் ரிசீவிங் கார்டில் இருப்பதோ கழற்றிய மாட்யூலின் எண்கள். இரண்டும் பொருந்தாது. கார்டில் இருப்பதை பேக்கப் எடுத்துக்கொண்டு, மாட்யூலில் உள்ளதைப் படித்து கார்டில் சேமியுங்கள். பிரைட்னஸை மட்டும் நகர்த்தினால் இது சரியாகாது.

அதன்பிறகும் வெளிச்சம் மிஞ்சினால், பழைய எல்இடிகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த மாட்யூலை மட்டும் சிறிது குறையுங்கள். சுவரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சூடாகும்போது சிவப்பின் ஒளி மற்ற இரண்டையும்விட அதிகமாகக் குறையும். குளிர்ந்த சுவரில் சரிசெய்த நிறம் படம் ஓடும்போது நிற்காது.

கோடு பார்க்கும் கோணத்தோடு மாறினால், மாட்யூல் முன்பின்னாக நிற்கிறது. வேக்யூம் டூலால் (உறிஞ்சிப் பிடிக்கும் கருவி) கழற்றி, பின்னால் இருக்கும் காந்தங்களையும் உட்காரும் இடத்தையும் துடையுங்கள். விளிம்பை விரலால் தேய்க்கவே வேண்டாம், ஓர எல்இடிகள் பெயர்ந்துவிடும்.

பதில் 1

தளம் சமமாகும்வரை, ஓர பிக்சல்களின் வெளிச்சத்தை மாற்றிக் கோட்டை மறைக்கும் சீம் கரெக்‌ஷனைத் தொடாதீர்கள். இந்த பிட்சில் இடைவெளி 0.05 மி.மீ. பிசகினாலே அது பிட்சில் 5 சதவீதத்துக்கு மேல். கண்ணுக்குக் கோடாகத் தெரிந்துவிடும்.

கேட்டவர்

எண்களைப் படித்துச் சேமித்ததும் நீலம் போய்விட்டது! வெளிச்சத்தை 3 சதவீதம் குறைத்தேன், பக்கத்துக் கட்டங்களோடு சேர்ந்துகொண்டது. ஒரு காந்தத்தில் சின்ன உலோகத் துகள் ஒட்டியிருந்தது. அதை எடுத்தபின் கோடு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி, மிக மெலிதாக வந்தது. அந்த ஒரு வரிசை பிக்சலுக்கு மட்டும் சீம் கரெக்‌ஷன் கொடுத்தேன். இப்போது எது புது மாட்யூல் என்று எனக்கே தெரியவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.