லொறி இடிச்ச ரோலர் கதவை இனித் திறக்கலாமோ?

பாசையூராள்:
எங்கட கராச்சுக்கு றிமோட்டில ஓடுற ரோலர் கதவு. போன கிழமை சல்லி இறக்க வந்த லொறி பின்னுக்கு எடுக்கேக்க இடிச்சுப் போட்டுது. கீழ்த் தகடுகள் உள்ளுக்கு வளைஞ்சு கிடக்கு. ஏறேக்க பாதியில கிறீச்செண்டு நிண்டு, பேந்து ஒரு குலுக்கலோட போகுது. இறங்கேக்க கடைசி ரெண்டு அடியும் தடாரெண்டு விழுது. இவர், "தகட்டைத் தட்டி நிமித்தினாச் சரி, ஓடுதுதானே" எண்டுறார். காலமை அதைத் திறக்கிறது மாமி. பிள்ளையள் அதுக்குக் கீழாலதான் ஓடித் திரியுதுகள். எனக்கு மனம் ஒப்பேல்லை. எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

கொக்குவில் ஷட்டர் வேலை:
தங்கச்சி, முதல்ல அந்த றிமோட்டைப் பிள்ளையளின்ர கைக்கு எட்டாத இடத்தில வையுங்கோ. மாமிக்கும் சொல்லிவிடுங்கோ.

வளைஞ்ச தகடு பெரிய விசயமில்லை, மாத்தலாம். நீங்கள் எழுதினதில எனக்குத் திக்கெண்டது "தடாரெண்டு விழுது" எண்டதுதான். என்ன நடக்குதெண்டா, வளைஞ்ச தகடு, ரெண்டு பக்கமும் தகடு ஓடுற இரும்புச் சனலுக்குள்ள இறுகி நிக்குது. மேல மோட்டர் அது தெரியாமல் தகட்டைச் சுத்தி இறக்கிக்கொண்டே இருக்கு. உருளையில சுத்தின தகடெல்லாம் தொய்ஞ்சு போய் நிண்டு, இறுக்கம் விட்ட உடன ஒரேயடியா வரும். எட்டடிக்கு எட்டடி இரும்புக் கதவெண்டா 50, 60 கிலோ. இண்டைக்கு ரெண்டு அடியில விழுறது நாளைக்கு ஆறு அடியில விழும்.

இனி, கதவு மூடிக் கிடக்கேக்க உள்ளுக்கு நிண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. கீழ இல்லை, மேல. உருளையை ரெண்டு பக்கமும் சுவரோட தாங்கிற பிறக்கெற் இருக்கு. லொறி இடிச்சது கீழ எண்டாலும் இழுவை அங்கதான் போயிருக்கும். போல்ட் தலைக்கும் இரும்புக்கும் இடையில நகம் போற இடைவெளி, பூச்சில புது வெடிப்பு, நேர கீழ நிலத்தில வெள்ளைத் தூள், இதில ஏதாவது கண்டா அந்தக் கதவு ஓடக்கூடாது. எங்கட பழைய வீடுகளின்ர சுவர் சுண்ணாம்புக் கல்லு, சாந்தும் சுண்ணாம்பு. அதில போல்ட் ஒருக்கா அசைஞ்சா பேந்து பிடிக்காது.

அடுத்தது அடிப்பட்டை, கதவின்ர கீழ் விளிம்பில இருக்கிற பட்டை. ஒரு பக்கம் தூக்கி நிண்டாலும், தகட்டு நுனி சனலை விட்டு வெளிய வந்தாலும் பிழைதான். நுனியில சின்னக் கட்டை மாதிரி ஒரு கிளிப் இருக்கும், தகடு பக்கவாட்டில நகராமல் இருக்க. அது உடைஞ்சு விழுந்திருக்கோ எண்டும் பாருங்கோ. பாசையூர் கடற்கரை எண்டபடியா சனலின்ர அடியையும் பாருங்கோ, உப்புக்காத்தும் மாரித் தண்ணியும் அதைத்தான் முதல்ல தின்னும்.

சுன்னாகம் கண்ணன்:
மோட்டரைக் கழட்டிவிட்டு, கையால இடுப்பளவுக்குத் தூக்கி விட்டாத் தெரியுமே? நிண்டா, உருளைக்குள்ள இருந்து பாரம் தாங்கிற ஸ்பிரிங் சரி, விழுந்தாப் பிழை.

கொக்குவில் ஷட்டர் வேலை:
நல்ல கதவுக்கு அது சரியான சோதனை, தம்பி. அடிபட்ட கதவுக்கு வேண்டாம். ஸ்பிரிங்தான் பாரத்தில முக்காவாசியையும் தாங்குது. அது முறிஞ்சிருந்து, கதவு மேல நிக்கேக்க மோட்டரைக் கழட்டினா முழுப் பாரமும் கீழ நிக்கிற ஆளின்ர தலையில.

ஸ்காபுரோவிலிருந்து:
இஞ்ச கனடாவில எங்கட கதவு அகலப் பலகையா மடிஞ்சு கூரைக்குக் கீழ போற வகை. ஸ்பிரிங் வழக்கமா 10,000 தரம் ஏறி இறங்கிற கணக்கில செய்யிறது. முறிஞ்சா வெடி வெடிச்ச மாதிரிச் சத்தம் கேக்கும். அமெரிக்காவில 1993 இல இருந்து செய்யிற வீட்டுக் கதவு மோட்டருக்கு, ஆள் இடையில வந்தாக் கதவு திரும்பி ஏறோணும் எண்டது சட்டம். அக்கா, உங்கட கதவில ஆள் வாறதைக் கண்டுபிடிக்கிற அந்தச் சென்சர் கண் பூட்டியிருக்கோ?

கொக்குவில் ஷட்டர் வேலை:
இருந்தாலும் இதுக்கு உதவாது. கண் மோட்டரைத்தான் நிப்பாட்டும், தொய்ஞ்சு விழுற தகட்டை இல்லை.

பாசையூராள்:
அண்ணை, பாத்தன். வலப்பக்கப் பிறக்கெற்றுக்கு நேர கீழ தூள் கொட்டிக் கிடக்கு, மேல் போல்ட் வெளிய வந்து நிக்குது. கதவு இப்ப மூடித்தான் கிடக்கு, கார் உள்ளுக்கு. இவர் ஸ்பானரோட நிக்கிறார்.

கொக்குவில் ஷட்டர் வேலை:
ஸ்பானரை வாங்கி வையுங்கோ! முறுக்கின ஸ்பிரிங் அந்த உருளைக்குள்ளதான். போல்டைத் தொட்டா உருளை சுழண்டு கையை முறிக்கும். கார் கிடக்கட்டும். மோட்டரின்ர பிளக்கைக் கழட்டிப் போட்டுப் பக்கக் கதவால புழங்குங்கோ. திருத்துற ஆள் வந்தா, முதல்ல ஸ்பிரிங்கின்ர முறுக்கை இறக்கிப் போட்டுத்தான் பிறக்கெற்றில கை வைப்பாரோ எண்டு கேளுங்கோ. ஓமெண்டு சொல்லி, எப்பிடி இறக்கிறதெண்டும் விளங்கப்படுத்தினா வேலையைக் குடுங்கோ. தகட்டை மட்டும் மாத்தித் தாறன் எண்டுற ஆள் வேண்டாம்.