ஆம்னியின் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம்: 10,000 ரூபாய்க்குள் சரிசெய்ய வழியுண்டா?

கேள்வி (விழுப்புரம், ஆம்னி உரிமையாளர்)

வணக்கம். என்னிடம் 2006ஆம் ஆண்டு மாருதி ஆம்னி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கடைகளுக்கு எண்ணெய் டின்களை ஏற்றிச் செல்வதால், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். மூன்று வாரங்களாக, வேகம் 40ஐத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போன்ற சத்தம் எழுகிறது. இடது பின் சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்து டயரில் கோடாக இறங்கியிருக்கிறது; பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. கியர் மாற்றி கிளட்சை விடும்போது அடியில் 'டொக்' என்ற சத்தமும் கேட்கிறது. பட்டறையில் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, கிரவுன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) போய்விட்டது, ஆக்சிலை முழுதாக மாற்ற 24,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என்னால் 10,000 வரைதான் திரட்ட முடியும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (பட்டறை நடத்தி ஓய்ந்தவர்)

தம்பி, நீங்கள் சொல்வது ஒரு நோயல்ல, மூன்று நோய்கள்: ஊளை ஒன்று, ஆயில் கசிவும் அதனால் வரும் பிரேக் இழுப்பும் ஒன்று, 'டொக்' ஒன்று. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் செலவு 24,000 ஆகிறது. முதலில் காலியான சாலையில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் சத்தத்தின் தொனி மாறினால் கிரவுன், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் ஆகியவற்றின் பற்களைச் சந்தேகிக்கலாம். அப்படி மாறாமல், வலப்பக்க வளைவில் திரும்பும்போது கூடி, இடப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், பாரம் ஏறும் இடது சக்கரத்தின் பேரிங்தான் குற்றவாளி. பிறகு இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலை ஒரு தட்டில் இறக்கி விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள் இருப்பது இயல்பு. நகத்தில் இடறும் அளவுக்கு இரும்புச் செதில் இருந்தால் மட்டும் உள்ளே திறக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, திண்டிவனம் சாலையில் பார்த்தேன். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் நன்றாகக் கூடுகிறது. காலை எடுத்தாலும் பெரிதாக மாறவில்லை. ஆயிலில் செதில் இல்லை, ஆனால் தார் போலக் கறுத்திருந்தது.

பதில் (மற்றொரு வாசகர்)

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? சென்னை புதுப்பேட்டையில் முழு ஆக்சிலே பழையதாகக் கிடைக்கும். வாங்கி மாட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் அல்லவா?

பதில் (பட்டறை நடத்தி ஓய்ந்தவர்)

கிரவுன் உண்மையிலேயே உடைந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஏனெனில் கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிற்கவே நிற்காது. ஆனால் பழைய ஆக்சிலிலும் இதே பேரிங், ஆயில் கசியாமல் தடுக்கும் இதே சீல், இதே வயதுதான் இருக்கும். அப்படியே வாங்க நேர்ந்தால், கிரவுன், பினியன் இரண்டின் பல் எண்ணிக்கையும் உங்கள் ஆக்சிலில் உள்ளது போலவேதானா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேலே காற்றுப் போகும் சிறு மூக்கு ஒன்று இருக்கும். அது சேற்றால் அடைத்திருந்தால், சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான சாஃப்ட்டை வெளியே எடுத்த பின், பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கிரைண்டரால் முக்கால் பங்கு மட்டும் அறுத்து, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துகொள்ளும். சாஃப்ட்டில் கிரைண்டர் கீறிவிட்டால் பின்னாளில் அந்த இடத்திலேயே ஒடியும் என்பதால் அவசரம் வேண்டாம். புதிய பேரிங்கை லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து, உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி ஏற்றச் சொல்லுங்கள்; அதன் பிறகு புதிய வளையத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். இந்த வண்டியில் சக்கரம் கழன்று போகாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த வளையமும் பேரிங்கும்தான். பத்து இருபது ரூபாய் மிச்சம் என்று பழைய வளையத்தைத் திரும்பப் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாஃப்ட்டோடு சக்கரம் வெளியே வரும்.

சீல் உட்காரும் இடத்தில் சாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். அதன் உதடு தேயாத இடத்தில் படும். ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறியதும் மறுபடி கசியும். இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் பைப்பைக் கழற்றியிருந்தால் ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, மறக்க வேண்டாம். 'டொக்' சத்தத்துக்கு, வண்டி நகராதபடி கட்டை வைத்து, அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் சாஃப்ட்டைக் கையால் முறுக்கி, அதன் மூட்டான கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் ஜி.எல்.5 என்ற தரக் குறியீடு உள்ளதாகத்தான் இருக்க வேண்டும்; ஹைபாய்ட் எனப்படும் இந்த வகைக் கிரவுன்–பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்வதால் ஜி.எல்.4 தாங்காது.

கேள்வி கேட்டவர்

ஐயா, வேலை முடிந்தது. இடது பேரிங்கின் ஓடுதளத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தன. காற்று மூக்கு களிமண்ணால் முற்றிலும் அடைத்திருந்தது. கிராஸும் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. இருபக்கப் பேரிங், வளையம், சீல், லைனிங், கிராஸ், ஆயில், பிரஸ் கூலி எல்லாம் சேர்ந்து 6,850 ரூபாய். வண்டி நேராக நிற்கிறது, டொக் சத்தமும் போய்விட்டது. ஆனால் 60இல் காலை எடுக்கும்போது மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. பினியன் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். இறுக்கலாமா?

பதில் (பட்டறை நடத்தி ஓய்ந்தவர்)

தொடவே தொடாதீர்கள். அந்த நட்டுக்குப் பின்னால், பினியன் பேரிங்குகளுக்கு நடுவே, நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்துக்கு அளவு கொடுக்கும் குழாய் ஒன்று இருக்கிறது; ஒருமுறை கூடுதலாக நசுங்கினால் அது திரும்பாது, பேரிங் இறுகிச் சூடேறி எரிந்துவிடும். இத்தனை ஆண்டு ஓடிய கிரவுன் கொஞ்சம் முனகத்தான் செய்யும். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் டிஃபரன்ஷியலின் ஆயில் அளவு போல்ட்டைத் திறந்து, ஆயில் துளையின் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். முனகல் கூடினால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.