ஏரிச் சாலையில் இரவு ஜோடிப் படம்: ப்ளாஷ் வேணுமா, வேண்டாமா?

புதுக்கேமரா: கொடைக்கானல் ஏரிச் சாலையில், ராத்திரி 8 மணிக்கு மேல, மேகம் இறங்கியிருக்கும்போது ஒரு ஜோடியை எடுக்கணும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஒரு ப்ளாஷ் இருக்கு. ப்ளாஷ் போடலாமா?

பண்ணைக்காடு பாலா: வேண்டாம். கேமரா தலையில மாட்டி அடிச்சா, லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால மிதக்குற நீர்த்துளிதான் முதல்ல வெளிச்சம் வாங்கும். ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிற முகத்தைவிட அது பல மடங்கு பளிச்சுனு விழும். படம் முழுக்க வெள்ளைப் பொட்டு, பின்னால வெளிறிப்போன முகம். அதுக்குப் பதிலா சோள வண்டியில தொங்குற பல்ப், டீக்கடை முகப்பு ட்யூப்லைட், இப்படி ஒண்ணைப் பிடிங்க. அது பக்கவாட்டுல, கண்ணுக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். கம்பத்து விளக்குக்கு நேர் கீழே நிறுத்தினா கண்குழி ரெண்டும் கறுத்துப்போகும். லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/100 விநாடி, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 3200ல ஆரம்பிங்க.

ஸ்டூடியோ செல்வம்: நீர்த்துளி விஷயம் சரி. ஆனா குத்தம் ப்ளாஷோடது இல்லை பாலா, அதை மாட்டின இடத்தோடது. ட்ரிக்கர் (ப்ளாஷைத் தள்ளி வச்சு அடிக்க வைக்கிற கருவி) போட்டு ஜோடிக்குப் பின்னால 2 மீட்டர்ல, அவங்க உடம்பு மறைக்கிற மாதிரி வைங்க. அதே நீர்த்துளி அவங்களைச் சுத்தி ஒளிவட்டமா நிக்கும். ஐஎஸ்ஓ 3200ல ப்ளாஷோட 1/128 பவர்கூட ஜாஸ்தி. ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு, மேல டிஷ்யூவை ரெண்டா மடிச்சு ஒட்டுங்க. இன்னொண்ணு: எஃப் 2ல, 2 மீட்டர் தூரத்துல, கூர்மை கிடைக்கிற ஆழம் 20 சென்டிமீட்டருக்குள்ளதான். ஒருத்தர் தோளுக்குப் பின்னால இன்னொருத்தர் நின்னா ரெண்டாவது முகம் போச்சு. எஃப் 2.8 வேணும், திறப்பு சின்னதானா ஆழம் கூடும்.

பண்ணைக்காடு பாலா: நெத்தியும் நெத்தியும் ஒட்டி, ரெண்டு முகமும் ஒரே தூரத்துல நிக்கட்டும், எஃப் 2 தாராளம். இல்லேன்னா எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400. இருட்டா எடுத்துட்டு அப்புறம் கணினியில தூக்கினாத்தான் நிழல்ல மணல் மாதிரி புள்ளி கொட்டும். சரியான வெளிச்சத்துல எடுத்த 6400 பாதகமில்லை. நடக்கிறவங்க இருக்கிற சாலையில ப்ளாஷ் ஸ்டாண்டு வைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஸ்டூடியோ செல்வம்: ஓரமா, வேலிப் பக்கம் வைங்க, ஸ்டாண்டு கால்ல தண்ணி பாட்டில் கட்டுங்க. 1/100 விஷயத்துல நாம ஒண்ணுதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250 போனா ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல். சைலண்ட் ஷட்டர்ல (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) கோடு கோடா விழும்.

வட்டக்கானல் வாசி: ரெண்டு பேரும் விட்டது: லென்ஸ் முன்னால மாட்டின யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழட்டுங்க. கம்பத்து விளக்கு அதுல பட்டுத் திரும்பி, எதிர் மூலையில பச்சைப் பொட்டா நிக்கும். மேகத்துல ஆட்டோஃபோகஸ் தேடித் தேடி ஓடும். மொபைல் டார்ச்சைக் கன்னத்துல காட்டி, ஃபோகஸ் பூட்டி, அணைச்சுட்டு எடுங்க. லென்ஸ்ல ஈரம் படிஞ்சா ஊதாதீங்க, மூச்சுக்காத்துல இன்னும் படியும். காட்டன் துணியால ஒத்தி எடுங்க.

புதுக்கேமரா: எதை முதல்ல பண்ணட்டும்?

ஸ்டூடியோ செல்வம்: ப்ளாஷை அணைச்சுட்டு பாலா சொன்ன மாதிரி முகத்தைச் சரிபண்ணுங்க. அப்புறம் பின்னால இருந்து ஒண்ணு அடிச்சுப் பாருங்க. முடி ஓரம் வெளுத்து வெந்துபோனா டிஷ்யூ இன்னொரு மடிப்பு.

பண்ணைக்காடு பாலா: மேகம் கெட்டியாகக் கெட்டியாக அந்த மடிப்பை மாத்திக்கிட்டே இருக்கணும். கடை பல்புக்கு அந்த வேலை இல்லை.