பெரியம்மாவுக்குப் படுக்கைப்புண்: புகாரை யாரிடம் கொடுப்பது?

என் பெரியம்மா எட்டு மாதமாக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம் வந்தபின் அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை போர்வையை விலக்கியபோது வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை, நடுவில் உரிந்திருந்தது. படுக்கைப்புண்தான், சந்தேகமில்லை.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததாக அருகிலுள்ள தாளில் குறித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நான் போனது மதியம். அன்றிரவு 10 மணிக்கான கட்டம்கூட நிரம்பியிருந்தது! தண்ணீர்க் குவளையோ கைக்கு எட்டாத மேசையில். உதடு வெடித்துக் கிடந்தது. "வயதானால் இப்படித்தான்" என்கிறார் பொறுப்பாளர்.

புண்ணையும் அந்தத் தாளையும் தேதியோடு படமெடுத்து வைத்திருக்கிறேன். நாளை வெளி மருத்துவர் ஒருவர் வந்து பார்க்கிறார்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: பராமரிப்புக் குறிப்பேட்டின் நகலை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? முதலில் இல்லத்துக்கே எழுத்தில் புகார் கொடுப்பதா, நேராக மேற்பார்வை அதிகாரிகளிடம் போவதா? நான் கிளம்பியபின் அந்தக் கோபத்தைப் பெரியம்மாவிடம் காட்டிவிடுவார்களோ என்பதுதான் பயம். அவரோ வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார். என் கையை மட்டும் விடவேயில்லை.