மரகத ஏரிகள் வரை ஒரு பகல் நடை: ஆலோசனை தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். நானும் கணவரும் வரும் ஜனவரியில் மட்டக்களப்பிலிருந்து நியூசிலாந்து செல்கிறோம். அங்கே தொங்கரிரோ மலைப்பாதையில் ஏறத்தாழ 20 கிலோமீற்றரை ஒரே பகலில் நடந்து, மரகத ஏரிகளைக் காண விரும்புகிறோம். கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தையே மேடென்று எண்ணிப் பழகிய எங்களுக்கு, 1,886 மீற்றர் உயரமுள்ள ‘ரெட் கிரேட்டர்’ எரிமலை முகட்டில் ஏறுவதைவிட, கால் வைத்தவுடன் சரியும் சரளையில் அங்கிருந்து ஏரிப்பக்கம் இறங்குவதே அச்சமூட்டுகிறது; அவருக்கு வீட்டு மாடிப்படியில் இறங்கும்போதே இடது முழங்கால் நோகும்.

இறக்கத்துக்கு ஒரு ஊன்றுகோல் போதுமா, இரண்டு வேண்டுமா? வழியில் குடிநீர் கிடையாது என்பதால் ஆளுக்கு மூன்று லீற்றர் சுமக்க எண்ணியுள்ளோம்; அது மிகையா? கணுக்காலை மூடும் சப்பாத்தை இங்கேயே வாங்கி, குடும்பிமலைப் பக்கம் சில வாரங்கள் நடந்து பழக்கிக்கொள்வதே நல்லதென எனக்குப் படுகிறது. அவரோ அங்கு போய் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். (இவ்விவாதம் ஒரு மாதமாகத் தொடர்கிறது.) பாதை தொடங்குமிடமும் முடியுமிடமும் வேறுவேறு என்பதால், மெதுவாக நடக்கும் நாங்கள் திரும்பும் பேருந்தைத் தவறவிடாதிருக்கக் காலையில் எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் சென்று வந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.