சுட வந்தவனுக்கே கட்டுப்போட வேண்டுமா? போர்ச் சட்டம் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (கரிசல்காட்டான்):

பிரிட்டனின் ராயல் மரைன் (கடற்படையைச் சேர்ந்த காலாட்படை) சார்ஜென்ட் அலெக்சாண்டர் பிளாக்மேன் வழக்கை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன், தூக்கமே போய்விட்டது. 2011 செப்டம்பர், ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் மாகாணம். ஹெலிகாப்டர் சுட்டதில் தாலிபான் ஆள் ஒருவர் படுகாயத்தோடு வயலில் கிடக்கிறார். ரோந்து போனவர்கள் அவரைக் கண்டுபிடித்து, மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே பிளாக்மேன் கைத்துப்பாக்கியால் அவர் நெஞ்சில் சுடுகிறார். சுட்டுவிட்டு, போரில் காயம்பட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் காக்கும் ஜெனீவா ஒப்பந்தத்தைத் தான் மீறிவிட்டதாகவும் இது வெளியே போகக் கூடாது என்றும் கூட இருந்தவர்களிடம் அவரே சொல்கிறார். எல்லாம் ஒரு வீரரின் ஹெல்மெட் கேமராவில் பதிவாகிவிட்டது. 2013இல் கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை. 2017இல் அவருடைய மனநிலை பாதிப்பைக் கணக்கில் எடுத்து, கொலையாகாத மரணம் என்று மாற்றி 7 ஆண்டாகக் குறைத்தார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அதே ஆளை ஹெலிகாப்டர் சுட்டுக் கொன்றிருந்தால் சட்டப்படி சரி, கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் நின்று சுட்டால் கொலை. இடையில் என்ன மாறியது? தாலிபான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லையே. நம் பக்கத்து ஆளும் எதிரியும் ஒரே இடத்தில் அடிபட்டுக் கிடந்தால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

பதில் 1 (சட்டம் படித்தவன்):

மாறியது அவர் நிலைமை. ஹெலிகாப்டர் சுட்டது சண்டை போடுகிற ஒருவரை. வயலில் கிடந்தவரால் சண்டை போட முடியாது, அந்தக் கணத்தோடு அவரைத் தாக்கும் உரிமை முடிந்துபோகிறது. காயம் பட்டாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கால் போன பிறகும் ஒருவன் துப்பாக்கியை விடாமல் சுட்டால் அவனைத் திருப்பிச் சுடலாம், கையெறி குண்டை எடுக்கப் போனாலும் அப்படித்தான். அதனால்தான் அடிபட்ட எதிரியை நெருங்கும்போது முதலில் ஆயுதத்தை எடுத்துவிட வேண்டும், உடம்பைச் சோதிக்க வேண்டும், அப்புறம் கட்டுப்போட வேண்டும்.

கையெழுத்து விஷயம்: 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கிலும் 3வது பிரிவு ஒரே மாதிரிதான். ஒரு நாட்டுக்குள் அரசும் ஆயுதக் குழுவும் மோதும் சண்டைக்கென்றே எழுதப்பட்டது அது, காயம்பட்டவர்களைச் சேகரித்துப் பராமரிக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்கிறது. இது இரண்டு தரப்பையும் கட்டும். எதிரி மீறினான் என்பதால் நமக்கு விலக்கு கிடையாது. கடன் கொடுத்தால்தான் திருப்பிக் கொடுப்பேன் என்கிற கணக்கு இங்கே செல்லாது. பிளாக்மேனின் பிரிவு அந்தப் பணிக்காலத்தில் தன் ஆட்களைப் பறிகொடுத்திருந்தது, அவர் எந்த நிலையில் இருந்தார் என்பது எனக்குப் புரிகிறது, தண்டனையைக் குறைத்ததும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆளைச் சுட்டது தவறு என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பதில் 2 (இரவுப்பணி):

நான் கேஷுவாலிட்டியில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ். உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அந்த 1949 ஒப்பந்தங்கள் நான்கில் முதலாவதன் 12வது பிரிவு, சிகிச்சையில் யாருக்கு முன்னுரிமை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்கிறது. எந்த ராணுவம், எந்த நாடு என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஒரு ராத்திரி ஊர்த் தகராறில் வெட்டுப்பட்ட இரண்டு பேரை ஒரே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வார்டே அதிரக் கத்தினார். இன்னொருவர் சத்தமே இல்லை, உதடு வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, நாடி விரலுக்குப் பிடிபடவில்லை. வெட்டை ஆரம்பித்ததே அவர்தான் என்று கூட வந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு நின்றார்கள். முதலில் அவரைத்தான் உள்ளே கொண்டுபோனோம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அவர் பத்து நிமிஷம் தாங்குவார். யார் யாரை வெட்டினார் என்று விசாரித்துக்கொண்டு நின்றிருந்தால் அங்கேயே ஓர் உயிர் போயிருக்கும். போர்க்களத்து மருத்துவருக்கும் இதே கண்தான் வேண்டும்.

பதில் 3 (பழைய ஏடு):

இது எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். 1859 ஜூன் 24, வட இத்தாலியில் சொல்ஃபெரினோ. பிரான்சும் சார்தினியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா மறுபக்கம். ஒரே நாளில் செத்தவர், அடிபட்டவர், காணாமல் போனவர் என்று சுமார் 40,000 பேர். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த ஜெனீவா வியாபாரி ஹென்றி துனான், பக்கத்து ஊரான காஸ்திக்லியோனேயில் தேவாலயம் நிறையக் காயம்பட்டவர்கள் கிடப்பதைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். ஊர்ப் பெண்கள் எந்தச் சீருடை என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, புண்ணைக் கழுவி, 'எல்லோரும் சகோதரர்கள்' என்றார்கள். பிரெஞ்சுப் படை பிடித்து வைத்திருந்த ஆஸ்திரிய மருத்துவர்களையும் துனான் சொல்லி விடுவிக்க வைத்தார், எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதுதான். எதிரியின் மருத்துவர் எதிரி இல்லை என்பது 1864இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் சட்டமாகவே ஆனது.

கரிசல்காட்டான்:

மூவருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னது மனதில் நின்றுவிட்டது. கடைசியாக ஒன்று: பின்வாங்க வேண்டிய நிலை, தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்றால்?

பதில் 1 (சட்டம் படித்தவன்):

அதுவும் 12வது பிரிவிலேயே இருக்கிறது. காயம்பட்டவர்களை எதிரியிடம் விட்டுப் போகும்படி ஆனால், ராணுவ நிலைமை இடம் கொடுக்கிற அளவுக்குத் தன் மருத்துவ ஆட்களில் சிலரையும் மருந்துகளையும் அவர்களோடு விட்டுப் போக வேண்டும். பிடித்த தரப்பு அவர்களைப் போர்க்கைதிகளாக நடத்த வேண்டும். அதோடு ஒவ்வொருவரின் பெயர், ராணுவ எண், பிறந்த தேதி, பிடிபட்ட இடம், என்ன காயம் என்பதைக் குறித்து எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும்படி அனுப்ப வேண்டும், ஊரில் காத்திருக்கிற வீட்டாருக்கு அந்தத் தாள் வழியாகத்தான் ஆள் உயிரோடு இருப்பது தெரியவரும்.