ஓடைக் கல்பாலத்து விரிசலை சிமெண்ட் வச்சு அடைக்கலாமா?

மேலூர்க்காரன்:
மேலூர் பக்கம் ஓடை மேல பழைய கல்பாலம். தூண் நட்டு, கருங்கல் பலகை பரப்பினது. தொல்லியல் துறைப் பலகை நிக்குது. மூணாவது கண்ணுல, அதாவது தூணுக்குத் தூண் இடைவெளியில, ஒரு பலகைக்கல்லு அடியில குறுக்க விரிசல். தூண் இடுக்குல அரசங்கன்னு. ஊர்ல சிமெண்ட் வச்சு அடைச்சிரலாம்ங்கிறாங்க. செய்யலாமா அண்ணே?

கல்தச்சன்:
வேண்டாம் தம்பி. அடியில, நடுவாக்குல விட்டிருந்தா அது பளு தாங்காத விரிசல். கருங்கல் நசுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேல வண்டி ஏறினா இழுபடுறது அடிப்பக்கம்தான். கலவை திணிச்சா பலம் ஏறாது, விரிசல் வளருதான்னு பாக்கவும் வழி போயிரும். இன்னைக்கே டிராக்டரையும் டிப்பரையும் நிறுத்துங்க. ஸ்கேல் வச்சு மாசாமாசம் போட்டோ எடுங்க. முட்டுக் கொடுக்கிறது துறை இன்ஜினியர் பாடு. முட்டு விரிசலுக்கு ரெண்டு பக்கமும் தொட்டாப்புல நிக்கணும். நடுவுல நெம்பினா பலகை மேல்பக்கம் பிளக்கும்.

கண்மாய்க்கரை:
தூண் அடியையும் பாருங்க. ஓடைக்குக் கீழ மணல் அள்ளியிருந்தா தரை இறங்கி, தூண் சாஞ்சு, பலகை ஓரத்துல மட்டும் உக்காந்திருக்கும். ஒவ்வொரு கண்ணுலயும் பலகையிலிருந்து தரை வரை ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வைங்க. அரசங்கன்னைப் பிடுங்கவே பிடுங்காதீங்க, வேரோட கல்லும் வந்துரும். அறுத்துவிட்டு, வேரை இருந்த இடத்துலயே சாகடிக்கணும். அதுவும் துறை ஆள் கையால.

மேலூர்க்காரன்:
அப்ப இடுக்குப் பூச்சு?

சுதைக்காரர்:
சுண்ணாம்புதான். சித்திரை வெயில்ல கல் விரியும், ராத்திரி சுருங்கும். சுண்ணாம்பு அதுக்கு இசைஞ்சு கொடுக்கும். சிமெண்ட் இசையாம கல்லோட விளிம்பை உடைக்கும், பிறகு கொத்தி எடுத்தா கல்லும் சேந்து போகும். ஊற வச்ச நீத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலிச்ச ஆத்து மணல் 3 பங்கு. தண்ணி படுற தூண் அடியில வெறும் சுண்ணாம்பு இறுகாது, மணல்ல ஒரு பகுதிக்குப் பதிலா சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் பொடி, சேக்கணும். 1895-ல முடிஞ்ச பெரியாறு அணையைக் கட்டினதும் சுண்ணாம்பு சுர்க்கியிலதான், நம்ம வயலுக்கு அந்தத் தண்ணிதான வருது! பூசினதும் ரெண்டு வாரமாவது ஈரச் சாக்கு போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில தொடாதீங்க. தை, மாசி தோது.

ஆனா கரண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பலகையைப் படிங்க. மத்திய அரசுத் துறைன்னா 1958 சட்டம்: எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது, அதுக்கு அப்பால 200 மீட்டருக்கு அனுமதி வேணும், சின்னத்தைச் சேதப்படுத்தினா 2 வருஷம் வரை சிறை. மாநிலத் துறைன்னா 1966 சட்டம். எதுவானாலும் எழுத்துல அனுமதி வராம ஊர் கை வைக்கக் கூடாது. அளவு, போட்டோ ரெண்டையும் இணைச்சு மனு கொடுங்க, கலெக்டருக்கும் ஒரு நகல். தூண்ல எழுத்து இருந்தா அதுல வெள்ளையடிக்கவோ சுரண்டவோ விடாதீங்க.